தட்டணுப் பையின் தரம் எங்கே முடிவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலத்தில் டெங்கு பரவ ஆரம்பித்தால் ரத்த வங்கி ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பிளேட்லெட் இருக்கா?" இருக்கிறது என்றால் நிம்மதி, இல்லை என்றால் அடுத்த ரத்த வங்கிக்கு ஓட்டம். கையில் வாங்கும் பை எந்த முறையில் தயாரானது, தயாரித்து எத்தனை நாளானது, எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பல வருடங்களாக ரத்தக் கூறுகளைப் பிரிக்கும் அறையில் வேலை செய்கிறேன். உறவினர்கள், கொடையாளர்கள், பயிற்சிக்கு வரும் மாணவர்கள் என்னிடம் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தட்டணு என்பது சரியாக என்ன?

பிளேட்லெட் என்று கேட்டு வாங்குவதுதான் தட்டணு. ரத்தத்தில் ஓடும் மிகச் சிறிய துணுக்கு. எலும்பு மஜ்ஜையில் மெகாகேரியோசைட் என்ற பெரிய செல் இருக்கிறது. அதன் உடலிலிருந்து பிய்ந்து வருபவைதான் தட்டணுக்கள். உட்கரு கிடையாது. குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. உடம்புக்குள் 8 முதல் 10 நாள் வாழும். ரத்தக்குழாயில் கீறல் விழுந்தால் அங்கே போய் ஒட்டிக்கொண்டு, உருமாறி, பக்கத்தில் இருப்பவற்றையும் கூப்பிட்டு அடைப்புப் போடும்.

சேமிப்பில் வரும் தொல்லைக்கெல்லாம் அந்தக் கடைசி வரிதான் வேர். தொட்டால் இப்படிக் கிளர்வதுதான் தட்டணுவின் வேலையே. நாமோ அதைக் குழாய் வழியாக இழுத்து, சுழற்றி, பையின் சுவரில் அழுத்தி, ஐந்து நாள் வைத்திருந்து, நோயாளியின் உடம்புக்குள் போன பிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். தொட்டாற்சிணுங்கியை இலை மூடாமல் ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது மாதிரி. தொட்டாற்சிணுங்கியாவது கொஞ்ச நேரத்தில் மறுபடி விரியும். முழுசாகக் கிளர்ந்துவிட்ட தட்டணு பழைய நிலைக்குத் திரும்பாது. தயாரிப்பு முறைகளுக்குள் இருக்கும் வித்தியாசம் எல்லாம், எந்த முறை அதைக் குறைவாகத் தொந்தரவு செய்கிறது என்பதில்தான்.

ஒருவர் கொடுத்த ரத்தத்திலிருந்து தட்டணுவை மட்டும் எப்படிப் பிரிக்கிறார்கள்?

கலங்கிய ஆற்று நீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் மணல் முதலில் அடியில் உட்காரும், வண்டல் அதற்கு மேல் மெல்லப் படியும், தெளிந்த நீர் மேலே நிற்கும். ரத்தமும் அப்படித்தான். சிவப்பணு கனமானது, முதலில் இறங்கும். தட்டணு லேசானது, கடைசியில் இறங்கும். சென்ட்ரிஃபியூஜ் எந்திரம் சுழற்றி இந்தப் படிதலை நிமிடக் கணக்கில் முடித்துக் கொடுக்கிறது.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் இரண்டும் சாதாரண ரத்ததானத்தில் எடுத்த பையிலிருந்து பிரிப்பவை: ஒன்று பி.ஆர்.பி. முறை, மற்றது பஃபி கோட் முறை. இவற்றில் கிடைப்பதை நம் ஊரில் ஆர்.டி.பி. (ரேண்டம் டோனர் பிளேட்லெட்) என்பார்கள். மூன்றாவது அபெரெசிஸ். கொடையாளரை எந்திரத்தோடு இணைத்து, தட்டணுவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அவருக்கே திருப்பி ஏற்றுவது. இதில் கிடைப்பது எஸ்.டி.பி. (சிங்கிள் டோனர் பிளேட்லெட்).

பி.ஆர்.பி. முறையில் என்ன நடக்கிறது?

பி.ஆர்.பி. என்றால் தட்டணு நிறைந்த பிளாஸ்மா. முதலில் மெதுவான சுழற்சி, நாங்கள் லைட் ஸ்பின் என்போம். சிவப்பணு அடியில் இறங்கிவிடும். தட்டணு இன்னும் பிளாஸ்மாவில் மிதந்துகொண்டிருக்கும். அந்தப் பிளாஸ்மாவைப் பக்கத்துப் பைக்குத் தள்ளி, இந்த முறை வேகமாகச் சுழற்றுகிறோம். இது ஹெவி ஸ்பின். தட்டணு முழுவதும் பையின் அடியில் ஒரு வில்லையாக அழுந்திக்கொள்ளும். மேலே இருக்கும் பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, 50 முதல் 70 மில்லி மட்டும் விட்டுவைத்து, அந்த வில்லையை அதிலேயே மறுபடி கரைத்தால் தட்டணுப் பை தயார்.

சிக்கல் அந்த வில்லையில் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டுவதையே தொழிலாகக் கொண்ட செல்களைப் பிளாஸ்டிக் சுவரின் மேல் முழு வேகத்தில் நசுக்குகிறோம். அந்த நெருக்கத்தில் ஒரு பகுதி கிளர்ந்துவிடும். தட்டணுவுக்குள் இருக்கும் நுண்பைகளின் சவ்வில் பி-செலக்டின் என்ற புரதம் இருக்கிறது. செல் அமைதியாக இருக்கும்வரை அது உள்ளேயே இருக்கும், கிளர்ந்தால் வெளிப்பரப்புக்கு வந்துவிடும். செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் இதை எண்ணிப் பார்க்கலாம். தயாரித்த உடனே எண்ணிப் பார்த்த ஆய்வுகள் பலவற்றிலும் பி.ஆர்.பி. பைகளில் இந்த எண்ணிக்கை பஃபி கோட் பைகளைவிடக் கூடுதலாகவே வந்திருக்கிறது.

பை மேசையில் சும்மா கிடந்ததைப் பார்த்தேன். அவசரம் என்று சொல்லியும் ஏன் தரவில்லை?

சும்மா கிடக்கவில்லை, இளைப்பாறிக்கொண்டிருந்தது. ஹெவி ஸ்பின் முடிந்ததும் பையை ஒரு மணி நேரமாவது, முடிந்தால் இரண்டு மணி நேரம், ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். லேசாக ஒட்டியிருக்கும் தட்டணுக்கள் அந்த நேரத்தில் தாமாகவே பிரிந்துவிடும். அதற்கு முன்னால் பிசைந்து கரைத்தால் தற்காலிகமாக ஒட்டியவை நிரந்தரக் கட்டிகளாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இது அலட்சியம் மாதிரித் தெரியும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் இந்த ஒரு மணி நேரத்தை அவசரப்பட்டுக் குறைத்தால் அதன் விலையை நோயாளிதான் கொடுக்க வேண்டும்.

பஃபி கோட் முறை எப்படி வேறுபடுகிறது?

வரிசையையே திருப்பிப் போடுகிறது. முதலில் ஹெவி ஸ்பின். அடியில் சிவப்பணு, மேலே பிளாஸ்மா, நடுவில் பால் மேல் படியும் ஆடை மாதிரி வெளுத்த மெல்லிய அடுக்கு. அதுதான் பஃபி கோட். வெள்ளணுவும் தட்டணுவும் அதில் இருக்கும். அந்த அடுக்கைத் தனியாக எடுத்து, கொஞ்சம் பிளாஸ்மாவோடு சேர்த்து, இப்போது மெதுவாகச் சுழற்றினால் மிச்சமிருந்த சிவப்பணுவும் வெள்ளணுவும் இறங்கிவிடும், தட்டணு மேலே நிற்கும்.

இங்கேயும் வேகமான சுழற்சி உண்டு. ஆனால் அப்போது தட்டணுவுக்குக் கீழே சிவப்பணுக்கள் மெத்தையாகக் கிடக்கின்றன. பிளாஸ்டிக் சுவரில் மோதவில்லை, வில்லையாக அழுந்தவும் இல்லை. அதனால்தான் கிளர்ச்சி குறைவு.

ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலும் இந்த முறைதான். அங்கே நாலைந்து கொடையாளர்களின் பஃபி கோட்டுகளை ஒரே பையில் சேர்த்து, சுழற்றி, வெள்ளணு வடிகட்டி வழியாகவும் அனுப்பிவிடுவார்கள். அமெரிக்கா முழு ரத்தத்திலிருந்து பிரிக்கும்போது பி.ஆர்.பி. முறையையே வைத்துக்கொண்டது. கனடா 2000-களின் நடுவில் பி.ஆர்.பி.யிலிருந்து பஃபி கோட்டுக்கு மாறத் தொடங்கியது. இந்தியாவில் இரண்டும் நடக்கின்றன. இங்கே பெரும்பாலும் ஒரு பஃபி கோட்டை ஒரு பையாகவே வைப்பார்கள், சேர்ப்பதில்லை.

நிர்வாகத்துக்கும் இதில் ஒரு வசதி உண்டு. பி.ஆர்.பி. என்றால் ரத்தம் எடுத்த 6 முதல் 8 மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். பஃபி கோட் முறையில், ரத்தத்தைச் சீக்கிரமே 20 முதல் 24 டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்தினால், 24 மணி நேரம் வரை வைத்திருந்து மறுநாள் காலையில் பிரிக்கலாம் என்று ஐரோப்பா அனுமதிக்கிறது. தூரத்து முகாமிலிருந்து ராத்திரி வந்து சேரும் ரத்தம் வீணாகாது.

அப்படியானால் பி.ஆர்.பி. பை மட்டமானதா?

இல்லை. மாணவர்கள் இங்கேதான் அவசரப்பட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தயாரித்த அன்று தெரியும் வித்தியாசம் ஐந்தாம் நாள்வரை அப்படியே இருப்பதில்லை. எந்த முறையில் செய்தாலும் சேமிப்பில் தட்டணு மெல்லக் கிளர்ந்துகொண்டேதான் வரும். நாள் போகப் போக இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஒழுங்காக ஓய்வு கொடுத்த பி.ஆர்.பி. பை ஐந்து நாளும் விதிமுறை அளவுகளுக்குள் நிற்கும்.

சண்டிகரில் மூன்று முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து 2009-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரு பைக்கான தட்டணு எண்ணிக்கை பி.ஆர்.பி.க்கும் பஃபி கோட்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. பெரிய வித்தியாசம் வெள்ளணுவில்தான்: பி.ஆர்.பி.யில் அதிகம், பஃபி கோட்டில் ஏறக்குறைய பாதி, அபெரெசிஸில் மிகக் குறைவு.

நான் பார்த்த வரையில் முறையைவிடக் கை முக்கியம். அலட்சியமாகச் செய்த பஃபி கோட்டைவிடப் பொறுமையாகச் செய்த பி.ஆர்.பி. மேல். வேறொரு ரத்த வங்கியின் சுழற்சி வேகத்தை அப்படியே எழுதி வந்து தங்கள் எந்திரத்தில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது மட்டும் போதாது; ரோட்டரின் ஆரம் மாறினால் அதே சுற்றில் விசை மாறிவிடும். ஒவ்வோர் எந்திரத்துக்கும் வேகம், நேரம், நிறுத்தும்போது பிரேக் எவ்வளவு என்று தனியாகச் சோதித்துத்தான் வைக்க வேண்டும். பிரேக் திடீரென்று பிடித்தால் அழகாகப் படிந்த அடுக்கு கலங்கி, சிவப்பணு மேலே ஏறிவிடும். பை இளஞ்சிவப்பாக வந்தால் முதலில் அங்கேதான் பாருங்கள்.

அபெரெசிஸ் எந்திரத்தில் எடுத்தால் கிளர்ச்சியே இருக்காதா?

இருக்கும். அங்கேயும் சுழற்சி உண்டு, ரத்தம் உடம்புக்கு வெளியே பிளாஸ்டிக் குழாயில் ஓடுகிறது. எந்திரத்துக்கு எந்திரம் வித்தியாசம் இருக்கிறது. சிலவற்றில் எடுத்த பிறகு பைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றே தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். ஆனால் வெள்ளணு குறைவு, சிவப்பணு கலப்பு மிகக் குறைவு, ஒரே கொடையாளர் என்ற மூன்று நன்மைகளும் உண்மையானவை.

எண்ணிக்கையிலும் பெரிய தாவல். இந்திய விதிப்படி 450 மில்லி ரத்தத்திலிருந்து செய்த ஓர் ஆர்.டி.பி. பையில் குறைந்தது 4,500 கோடி தட்டணு இருக்க வேண்டும், 350 மில்லி என்றால் 3,500 கோடி. எஸ்.டி.பி. பையில் 30,000 கோடி. பெரியவர் ஒருவருக்கு ஓர் ஆர்.டி.பி. போட்டால் எண்ணிக்கை சுமார் 5,000 முதல் 10,000 வரை கூடும், எஸ்.டி.பி. போட்டால் 30,000 முதல் 60,000 வரை. கொடையாளர் ஒன்று, ஒன்றரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும். உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டால் உதட்டைச் சுற்றிக் கூச்சம் வரலாம், கால்சியம் கொடுத்தால் அடங்கிவிடும்.

ரத்தம் எடுக்கும்போதே தரம் பாதிக்கப்படுமா?

நிச்சயம். ஊசி ஒரே குத்தில் நரம்பில் போய், ரத்தம் தடையில்லாமல் ஓட வேண்டும். ஊசியை உள்ளே வைத்துக்கொண்டு தேடினால் காயப்பட்ட திசுவிலிருந்து வரும் பொருள் உறைதலைத் தொடங்கிவைத்துவிடும். பை நிறைய 15 நிமிடத்துக்கு மேல் ஆனால் அதிலிருந்து தட்டணு பிரிப்பதில்லை. எடுத்த ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டாலும் அவ்வளவுதான்.

ஆஸ்பிரின் சாப்பிட்ட கொடையாளரும் அப்படியே. ஆஸ்பிரின் பட்ட தட்டணு தன் ஆயுள் முழுவதும் மந்தமாகவே இருக்கும், ஏனென்றால் உட்கரு இல்லாததால் சேதமான நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. தயவுசெய்து மூன்று நாளைக்குள் ஆஸ்பிரின் எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உங்களைத் திருப்பி அனுப்பிவிட மாட்டோம். சிவப்பணுவும் பிளாஸ்மாவும் வேறு நோயாளிகளுக்குப் பயன்படும்.

சிவப்பணுவை ஃபிரிட்ஜில் வைக்கிறீர்கள். தட்டணுவை மட்டும் ஏன் வெளியே வைக்கிறீர்கள்?

1960-கள்வரை எல்லாவற்றையும் குளிரில்தான் வைத்திருந்தார்கள். 1969-இல் அமெரிக்காவில் மர்ஃபி, கார்ட்னர் என்ற இருவர் குளிரில் வைத்த தட்டணுவையும் 22 டிகிரியில் வைத்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குளிரில் இருந்தவை நோயாளிக்குள் போன ஓரிரு நாளிலேயே காணாமல் போயின. 22 டிகிரியில் இருந்தவை பல நாள் ஓடின. அன்றிலிருந்து உலகம் முழுவதும் 20 முதல் 24 டிகிரி என்பது வழக்கமாகிவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. குளிர் பட்டதும் தட்டணு தட்டையான வடிவத்தை இழந்து உருண்டையாகி, முள் முளைத்ததுபோல் ஆகிவிடும். அதன் மேற்பரப்பில் சிதறி இருக்கும் சில புரதங்கள் கொத்தாகக் கூடிவிடும். அவற்றின் நுனியில் இருக்கும் சியாலிக் அமிலமும் உதிர ஆரம்பிக்கும். கல்லீரல் இந்த மாற்றத்தை அடையாளம் கண்டு, பழையது என்று முடிவுசெய்து விழுங்கிவிடுகிறது.

ஒரு முறை ஒரு வார்டிலிருந்து இரண்டு பைகள் மறுநாள் காலையில் திரும்பி வந்தன. நோயாளிக்குக் காய்ச்சல் அதிகமாக இருந்ததால் ராத்திரி ஏற்றவில்லை, பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்துவிட்டிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். இரண்டையும் கொட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பைகளைக் கொடுத்த இருவரையும் எனக்குத் தெரியும் என்பதால் இன்றுவரை மனதைவிட்டுப் போகவில்லை.

ஆனால் குளிரூட்டிய தட்டணுவுக்கு இப்போது ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அது சீக்கிரம் மறைந்தாலும், இருக்கும் நேரத்தில் ரத்தத்தை வேகமாக உறைய வைக்கும். விபத்திலோ போர்க்களத்திலோ ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு அடுத்த சில மணி நேரம்தான் முக்கியம். அதனால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-இல், வழக்கமான தட்டணு கிடைக்காத அல்லது பயன்படுத்த முடியாத நிலையில், ரத்தப்போக்கு உள்ளவர்களுக்குக் குளிரில் 14 நாள்வரை வைத்த தட்டணுவைப் பயன்படுத்த வழிசெய்தது. ஆரம்பத்திலிருந்தே அதற்கென்று தயாரித்து வைப்பது வேறு. 22 டிகிரிக்காகத் தயாரித்த பையை வார்டு ஃபிரிட்ஜில் தள்ளுவது வேறு.

பைகளை ஏன் ஆட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்?

மூச்சு விடுவதற்காக. பைக்குள்ளும் தட்டணு உயிரோடுதான் இருக்கிறது. குளுக்கோஸை எரிக்கிறது, ஆக்ஸிஜன் வேண்டும், கரியமில வாயு வெளியேற வேண்டும். இரண்டும் பிளாஸ்டிக் சுவர் வழியாகத்தான் நடக்கிறது. ஆட்டாமல் வைத்தால் தட்டணு அடியில் படிந்து ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கிக்கொள்ளும், ஆக்ஸிஜன் போய்ச் சேராது. ஆக்ஸிஜன் இல்லையென்றால் குளுக்கோஸை அரைகுறையாக எரித்து லாக்டிக் அமிலத்தைக் கொட்ட ஆரம்பிக்கும். அதனால் பைகளை அஜிட்டேட்டரின் தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் படுக்க வைத்து, நிமிடத்துக்கு 60, 70 முறை முன்னும் பின்னும் அசைக்கிறோம். எடுத்துப் போகும் வழியில் சில மணி நேரம் ஆட்டம் நின்றால் பாதகமில்லை.

பிளாஸ்டிக்கும் தரத்தைத் தீர்மானிக்கிறது. பழைய பி.வி.சி. பைகளில் காற்று போதுமான அளவு ஊடுருவாது, அதனால் 3 நாள்தான் வைக்க முடிந்தது. 1980-களில் வாயு எளிதாகப் போய்வரும் பைகள் வந்த பிறகுதான் 5 நாள் சாத்தியமானது. ட்ரிபிள் பேக் என்ற மூன்று பைத் தொகுப்பை வாங்கும்போது தட்டணுவுக்கான துணைப்பை எந்த வகை என்று பார்க்காமல், விலை மட்டும் பார்த்து வாங்குவது எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயம்.

பி.எச். பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

பி.எச். என்பது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அரைத்த இட்லி மாவை வெளியே வைத்தால் புளிக்கிறதல்லவா? அங்கே பாக்டீரியா செய்யும் லாக்டிக் அமிலத்தை இங்கே தட்டணுவே செய்கிறது. பிளாஸ்மாவில் இருக்கும் பைகார்பனேட் அந்த அமிலத்தைச் சமன்செய்யும். பைகார்பனேட் தீர்ந்துவிட்டால் பி.எச். மளமளவென்று இறங்கும். 6.2-க்குக் கீழே போனால் தட்டணு உருண்டையாகி வீங்கிவிடும். ஏற்றினாலும் நோயாளிக்குள் நிலைக்காது. கீழ்வரம்பு இந்திய விதியில் 6, அமெரிக்காவில் 6.2, ஐரோப்பாவில் 6.4.

தயாரிப்பு இதில் எப்படி வருகிறது என்றால், பிளாஸ்மாவை எவ்வளவு விட்டுவைக்கிறோம் என்பதில். பிளாஸ்மா மற்ற நோயாளிகளுக்குத் தேவை என்று கஞ்சத்தனமாக 30 மில்லி மட்டும் விட்டால், நிறைய தட்டணுவுக்குக் கொஞ்சம் பைகார்பனேட் என்றாகிவிடும். தட்டணு எண்ணிக்கை அதிகமாக வந்த பைதான் முதலில் புளிக்கும் என்பதைப் பார்த்து மாணவர்கள் ஆச்சரியப்படுவார்கள். பையில் கிளர்ந்த தட்டணுவும், கூடவே வெள்ளணுவும் அதிகமாக இருந்தால் குளுக்கோஸ் இன்னும் வேகமாகச் செலவாகும். முதல் நாள் சுழற்சியில் செய்த தவறு நாலாம் நாள் பி.எச். மீட்டரில் தெரிவது இப்படித்தான்.

தட்டணு உடம்பில் 10 நாள் வாழும் என்றால் பையில் ஏன் 5 நாள் மட்டும்?

தட்டணுவைவிடக் கிருமிக்குத்தான் பயப்படுகிறோம். நல்ல பைகள் வந்த பிறகு அமெரிக்காவில் 1984-இல் 7 நாள்வரை அனுமதித்தார்கள். கிருமித்தொற்றுகள் தெரியவந்ததும் 1986-இல் மறுபடி 5 நாளாகக் குறைத்துவிட்டார்கள். 22 டிகிரி, குளுக்கோஸ், காற்று, விடாத ஆட்டம் எல்லாம் சேர்ந்தால் பாக்டீரியா பல்கிப் பெருக வசதியான இடம்தானே. பெரும்பாலும் கொடையாளரின் தோலிலிருந்துதான் அது உள்ளே வருகிறது. அதனால் கையைத் துடைக்கும் அந்த அரை நிமிடமும், முதலில் வரும் கொஞ்சம் ரத்தத்தைத் தனிச் சிறுபையில் பிடித்துவிடுவதும் தட்டணுவின் தரத்தில் சேர்ந்தவையே. கிருமிச் சோதனை செய்தோ கிருமியழிப்பு செய்தோ 7 நாள்வரை வைக்கும் நாடுகளும் உண்டு.

கண்ணால் பார்த்துத் தரம் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். இந்த வேலையில் எனக்குப் பிடித்த நிமிடமும் அதுதான். பையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து விரலால் மெல்ல அழுத்திவிட்டால், உள்ளே மேகம் சுழல்வது மாதிரி, பட்டுத்துணியைத் திருப்பும்போது மின்னுவது மாதிரி, அலை அலையாக மினுக்கம் ஓடும். இதற்கு ஸ்வர்லிங் என்று பெயர். தட்டணு தட்டையாக இருந்தால்தான் நீரோட்டத்தில் ஒரே திசையில் சாய்ந்து ஒளியைச் சிதறடிக்கும். உருண்டையாகிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். பை மங்கலாக, உயிரில்லாமல் இருக்கும். குளிரில் பட்ட பையிலும், பி.எச். இறங்கிய பையிலும் இந்த மினுக்கம் இருக்காது.

ஐந்து நொடிகூட ஆகாது, செலவும் கிடையாது. ஒவ்வொரு பையையும் கொடுப்பதற்கு முன்னால் இப்படிப் பார்க்க வேண்டும். கூடவே கட்டி இருக்கிறதா, நிறம் சிவந்திருக்கிறதா, கசிவு உண்டா என்றும். ஆனால் ஸ்வர்லிங் இருப்பதால் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. எண்ணிக்கை, பி.எச்., வெள்ளணு, கிருமி வளர்ப்புச் சோதனை எல்லாம் ஆய்வகத்தில் பைகளில் ஒரு பகுதியை எடுத்து மாதந்தோறும் செய்வது. அதற்கு மேல் பி-செலக்டின், லாக்டேட், தட்டணு பொரிந்து உதிர்க்கும் நுண்துகள்கள் என்று அளப்பதெல்லாம் பெரிய ஆய்வகங்களின் வேலை.

வெள்ளணு கொஞ்சம் கலந்தால் என்ன குறைந்துவிடும்?

தட்டணு ஏற்றும்போது குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பங்கு வெள்ளணுவின் கைவரிசை. 22 டிகிரியில் நாள்கணக்கில் கிடக்கும் வெள்ளணு சைட்டோகைன் என்ற பொருள்களைப் பிளாஸ்மாவில் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். 1994-இல் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள்: தட்டணுப் பையைச் செல்கள் தனி, மேலே நிற்கும் பிளாஸ்மா தனி என்று பிரித்து ஏற்றிப் பார்த்தார்கள். பிளாஸ்மாதான் அதிகமாக நடுக்கத்தைக் கொடுத்தது. அதனால் படுக்கையருகே வடிகட்டி போடுவது தாமதமான வைத்தியம், கசிந்தது கசிந்ததுதான். தயாரித்த உடனே வெள்ளணுவை நீக்கிவிட வேண்டும். பஃபி கோட் முறையின் சாதகம் இங்கேயும் இருக்கிறது.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள்போல் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொள்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பிறருடைய வெள்ளணு பட்டுப் பட்டு அவர்கள் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிட்டால், பிறகு எந்தத் தட்டணு போட்டாலும் எண்ணிக்கை ஏறாது. 1997-இல் அமெரிக்காவில் வெளியான ட்ராப் ஆய்வு ரத்தப் புற்றுநோயாளிகளிடம் இதைத்தான் பார்த்தது. சாதாரணத் தட்டணு பெற்றவர்களில் 45 சதவீதத்தினருக்கு எதிர்ப்பொருள் வந்தது. வெள்ளணுவை வடிகட்டியோ புற ஊதா ஒளி காட்டியோ கொடுத்தபோது 17 முதல் 21 சதவீதமாகக் குறைந்தது. இன்னொன்றும் கவனியுங்கள்: வடிகட்டிய ஆர்.டி.பி.க்கும் வடிகட்டிய எஸ்.டி.பி.க்கும் இதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

டெங்குவுக்கு எஸ்.டி.பி.தான் வேண்டும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது ஏற்பாடு செய்யட்டுமா?

முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்: தட்டணு உண்மையிலேயே தேவையா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டெங்கு வந்த பெரியவர்களில், எண்ணிக்கை 20,000-க்குக் கீழே இருந்தும் ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு போட்டுப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவு: ரத்தப்போக்கைத் தடுப்பதில் கூடுதல் பலன் இல்லை, பக்கவிளைவுதான் அதிகம். டெங்குவில் எண்ணிக்கை தானாகவே சில நாளில் ஏறும். கசியும் ரத்தக்குழாய்களுக்குச் சரியான அளவில் திரவம் கொடுப்பதுதான் உயிர் காக்கும் வேலை.

ரத்தப்போக்கு இருக்கிறது, போட்டே ஆக வேண்டும் என்றால், கையில் தயாராக இருக்கும் நல்ல ஆர்.டி.பி. பைகள் போதும். எஸ்.டி.பி. கொடையாளரைத் தேடி, பரிசோதித்து, எடுத்து முடிக்க அரை நாள் ஓடிவிடும். ஆறேழு பை ஆர்.டி.பி. ஒரு எஸ்.டி.பி.யின் வேலையைச் செய்யும். அடிக்கடி ஏற்ற வேண்டியவர்கள், எதிர்ப்பொருள் வந்துவிட்டவர்கள், கொடையாளர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியவர்கள் ஆகியோருக்கு எஸ்.டி.பி. உண்மையிலேயே தேவை. மற்றவர்கள் நகையை அடகு வைத்து அதன் பின்னால் ஓடுவதைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

பை போட்டும் எண்ணிக்கை ஏறவில்லை. தயாரிப்பில் குறையா?

இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் நோயாளியிடம் இருக்கும். காய்ச்சல், கிருமித்தொற்று, வீங்கிய மண்ணீரல், தொடர்ந்து ரத்தம் கசிவது எல்லாம் தட்டணுவைத் தின்றுவிடும். ஏற்றி ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம். உடனே ஏறி மறுநாள் இறங்கினால் உடம்பு செலவழிக்கிறது. ஒரு மணி நேரத்திலேயே ஏறவில்லை என்றால் எதிர்ப்பொருளைச் சந்தேகிக்க வேண்டும், பையின் தரத்தையும் விசாரிக்க வேண்டும். அப்படி வந்தால் எங்களிடம் சொல்லுங்கள். பை எண்ணை வைத்து யார் எப்போது தயாரித்தார்கள் என்பதுவரை பின்னோக்கிப் பார்க்க முடியும்.

பிளாஸ்மாவுக்குப் பதிலாக வேறு திரவத்தில் வைக்க முடியாதா?

முடியும். பிளாஸ்மாவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, மீதிக்கு உப்புக்கரைசல் ஒன்றைச் சேர்க்கிறார்கள். அதில் இருக்கும் அசிடேட் தட்டணுவுக்கு எரிபொருளாகவும் அமிலத்தைத் தணிப்பதாகவும் இரட்டை வேலை செய்யும். மெக்னீசியமும் பொட்டாசியமும் சேர்த்தால் கிளர்ச்சி குறையும். பிளாஸ்மா குறைவதால் ஒவ்வாமையும் குறைகிறது. அமோட்டோசலென் அல்லது ரைபோஃபிளேவின் சேர்த்துப் புற ஊதா ஒளி காட்டிக் கிருமியை அழிக்கும் முறையும் உண்டு. அதில் தட்டணு கொஞ்சம் சேதமாகி, ஏற்றிய பின் எண்ணிக்கை சற்றுக் குறைவாகவே கூடும்.

பையை வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போகும்போது நாங்கள் கவனிக்க வேண்டியது?

ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். சிவப்பணுப் பைக்கு ஐஸ் பெட்டி கொடுப்பார்கள், அதே பெட்டியில் தட்டணுவையும் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கியிலும் வேண்டாம். சாதாரணத் துணிப்பையில், நசுங்காமல், கையோடு கொண்டு போங்கள். வழியில் டீ குடிக்க நிற்க வேண்டாம். வார்டில் செவிலியர் கையில் நேராகக் கொடுத்து, "சிஸ்டர், இது பிளேட்லெட், ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாதாம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் ராத்திரி ஷிஃப்டில் ஒருவரே நாற்பது நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஏற்றுவது தள்ளிப்போகும் என்றால் உடனே எங்களுக்கு ஃபோன் செய்யுங்கள். பையைத் திருப்பிக் கொண்டுவந்தால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நன்றாக இருந்தால் மறுபடி அஜிட்டேட்டரில் வைக்கலாமா என்று பார்க்கிறோம்.